நாற்பத்தொரு கருக்கள்

மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் இஞ்ஞாசியார் மட்டுமே பாதிரியார். குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சி, பெற்றோர் வேண்டாமென்று எழுதிக்கொடுத்த நாற்பத்தொரு கருக்கள் அங்கே உறைநிலையில் இருந்தன. அவற்றிலிருந்து ஸ்டெம் செல் எடுத்தால் பார்வை போனவர்களுக்கு உதவுமா என்று ஆராய டாக்டர் குமுதவல்லி அனுமதி கேட்டாள். மூன்று பேர் சரி என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். மிஞ்சியது இவர் வாக்கு.

"கருவும் உயிர்தாம்மா. அதைக் கொன்னு இன்னொருத்தருக்குக் கண்ணு குடுக்கக் கூடாது" என்றார். அதுவே அங்கே விதியாயிற்று. நாற்பத்தொரு உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு தன் பங்குக் கோயிலுக்குத் திரும்பினார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வந்தவர் மருத்துவமனை வராந்தாவில் குமுதவல்லியைப் பார்த்தார்.

"அந்தக் கருவெல்லாம் பத்திரமா இருக்காம்மா?"

அவள் தயங்கினாள். "இல்ல ஃபாதர். உறைய வச்சிருக்கிற கெடு முடிஞ்சதும் வெளியே எடுத்துட்டோம். அதான் வழக்கம்."

"எடுத்து?"

"மேஜை மேல வச்சா கொஞ்ச நேரத்துல தானா அழிஞ்சிடும். அப்புறம் கழிவோட போயிடும்." அவள் குரலில் கோபம் இல்லை. "ஆராய்ச்சிக்குத்தான் கூடாதுன்னீங்க. கொட்டுறதைப் பத்தி யாருமே கேக்கல ஃபாதர், நீங்களும்."



மறுநாள் காலைப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். கடைசிப் பெயர் முடிந்த பிறகும் தாளை மடிக்கவில்லை. இன்னும் யார் பெயரையோ சொல்லப்போகிறார் என்று ஜனங்கள் முழங்காலிட்டபடி காத்திருந்தார்கள்.