ஜூன் ஒண்ணு

"இன்னொரு தடவ சொல்லு. பொறந்த தேதி?"

"ஜூன்... ஜூன் ஒண்ணு. எழுவத்தாறு."

"திணறுறியேடா! அசல் ஆளு எவனாச்சும் பொறந்த தேதிக்குத் திணறுவானா?" பெரம்பலூர் தாண்டி திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் பஞ்சநாதன், வேல்முருகனின் காதோரம் சீறினான். தைரியம் சொல்லத் துணைக்கு வந்த சிநேகிதன், வேப்பந்தட்டையிலிருந்தே பயம் காட்டிக் கூட்டிவந்தான்.

வேல்முருகன் தேதியை மறுபடி முணுமுணுத்துப் பார்த்தான். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கேட்கிறவர்கள் எழுதும் ஜி.ஆர்.இ. பரீட்சை அன்றைக்கு. அந்த மார்க் இல்லாவிட்டால் அங்கே எந்த யுனிவர்சிட்டியும் அவனை ஏறெடுத்துப் பார்க்காது.

வாயில் நுழையாத இங்கிலீஷ் வார்த்தைகளை மாதக்கணக்கில் உருப்போட்டிருந்தான். அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. இந்த ஒற்றைப் பொய்தான் தொண்டையை விட்டு வரமாட்டேன் என்றது.

"போன தடவ ஒருத்தன் தேதியில உளறி மாட்டிக்கிட்டானாம். பரீட்சையும் போச்சு, ஆயுசுக்கும் அமெரிக்காவும் போச்சு" என்றான் பஞ்சநாதன்.

பரீட்சை நடக்கும் காலேஜ் வாசலிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆள்மாறாட்டம் செய்தாலோ, பொய்த் தகவல் தந்தாலோ போலீஸில் ஒப்படைப்பார்களாம். வேல்முருகன் அதை இரண்டு தடவை படித்தான்.

ஹால் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கினார். போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அதில் வேல்முருகனுக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் அடுத்த கேள்வியில்தான்.

"டேட் ஆஃப் பர்த்?"

"ஜூ... ஜூன் ஒண்ணுங்க சார்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "எந்த ஊரு?"

"வேப்பந்தட்டைங்க."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இது நெசமாவே நீங்க பொறந்த தேதிதானா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இனிமேலும் மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இல்லைங்க சார்."

அதிகாரி பாஸ்போர்ட்டை மூடி அவன் கையில் திணித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள போயி எழுதுங்க தம்பி. நானும் உங்க பக்கந்தான். குன்னத்துல பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப, எங்க வாத்தியாரு எனக்கும் ஜூன் ஒண்ணுதான் போட்டுவுட்டாரு."