வராத போன்

"நாலு மணிக்குக் கூப்பிடறேன்னு சொன்னவா, இன்னும் காணோம். சீ, இவாளெல்லாம் கம்பெனி நடத்தறா!"

பரத்வாஜ் முகத்தைச் சுளித்தபடி கம்ப்யூட்டரில் தட்டினான். அவன் மனுப் போட்டிருந்தது மக்கள் தொடர்பு அதிகாரி வேலைக்கு. மேனேஜர் போனில் ஒருமுறை பேசிவிட்டால் உறுதி.

"என்னன்னா எழுதறேள்?" என்றாள் மனைவி காமாக்ஷி.

"இன்டர்நெட்ல தகவல் தொடர்புக் கோர்ஸ் படிக்கறேனோல்லியோ? அதுல என்ன கத்துண்டேன்னு எழுதி இன்னிக்கே அனுப்பணும். கேளு. சொல்றவன், கேக்கறவன், நடுவுல ஒரு வழி. அது திறந்திருக்கணும். இதுகூடத் தெரியாத ஜென்மங்கள்!"

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் நண்பன் பாச்சு மூச்சிரைக்க வந்தான்.

"உங்க மேனேஜருக்கு வெக்கமே கிடையாதாடா?"

"அடேய், அவர் நாலு மணிலேர்ந்து அடிச்சிண்டே இருந்தார். எப்பவும் எங்கேஜ்டு. வெறுத்துப்போய் வேற ஆளை எடுத்துட்டார்."

"போனை யாரும் தொடவேயில்லையே!"

பாச்சு மேஜையைப் பார்த்தான். போன் ஒயர் மோடத்துக்குள் போயிருந்தது. 1999-இல் மைசூர் வீடுகளுக்கு இன்டர்நெட் அந்த ஒயர் வழியாகத்தான் வந்தது. அது ஓடும்வரை போன் மணி அடிக்காது.

"எப்போலேர்ந்துடா இதுல இருக்கே?"



"மத்தியானம் உக்காந்தவர்," என்றாள் காமாக்ஷி, கணவனைவிட அதிகமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு. "காபிக்குக்கூட எழுந்துக்கலை."