மூத்த ஆசிரியர் உடனே வரவும்

“இன்னிக்கு ஆசிட் மூஞ்சி எப்படி வெளுக்குதுன்னு மட்டும் பாருடா!”

பக்கத்து பெஞ்சு உருளையின் காதில் சொல்லிவிட்டு எழுந்தான் மைனா. ஆசிரியர் வராத பீரியட். வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது.

“வேணாம்டா. காலையிலதான லேப் வாசல்ல நிக்க வெச்சாரு?”

“அதுக்குத்தாண்டா!”

ஆசிட் என்றால் வேதியியல் மூத்த ஆசிரியர். அவர் சிரித்து அந்த ஆண்கள் பள்ளியில் பார்த்தவர் யாருமில்லை. காலையில் லேபில் அவர் குரலிலேயே, “அடுப்பை அணைடா கழுதை!” என்று மைனா ஒரு குரல் விட, பாதிப் பையன்கள் நிஜமாகவே அணைத்துவிட்டார்கள். அதற்குத்தான் வாசல் தண்டனை. போகிற வருகிற பொடிசுகளெல்லாம் பல்லைக் காட்டிவிட்டுப் போயின.

தனியார் பள்ளி. அந்த வருஷம் அங்கே எல்லாமே புதுசு. கரும்பலகை போய், தொட்டால் பேசும் பலகை வந்தது. அறைக்கு ஒரு ஸ்பீக்கர் வந்தது. இனிமேல் பலகையே பாடம் நடத்திவிடும், வேதியியலுக்கு எதற்கு இரண்டு ஆசிரியர், ஒருத்தர் போகட்டும் என்று நிர்வாகம் சொன்னது வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த ரகசியம்.

போகப் போவது ஆசிட்தான் என்று பையன்கள் முடிவே கட்டிவிட்டார்கள். இன்னொரு வேதியியல் ஆசிரியரான சின்ன சார் மேட்ச் ஸ்கோர் சொல்வார், பாட்டுப் பாடச் சொல்வார். அவரைப் போய் யார் அனுப்புவார்கள்?

மைனா தொண்டைக்குள் ஊரையே குடிவைத்திருப்பவன். ‘இவன் ஹெச்.எம். குரல்ல பேசினா ஹெச்.எம்.மே எழுந்து நிப்பாரு’ என்பான் உருளை. அந்தக் குரலுக்காகவே மதியச் செய்தி வாசிக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அறிவிப்பு அறைச் சாவி அவன் பையில்தான் இருந்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். எந்த அறைக்குப் பேச வேண்டுமோ அந்தப் பட்டனை மட்டும் அழுத்தினால் போதும், அப்படி ஒரு வசதி. லேபுக்கு ஒன்று, கூட்டாளிகள் ரசிக்கத் தன் வகுப்புக்கு ஒன்று. ஹெச்.எம். மாதிரியே வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, தொண்டையைக் கனைத்தான்.

“ம்ஹும்... நமது பள்ளியின் வளர்ச்சிப் பாதையில் மற்றுமொரு மைல்கல்லாக, வேதியியல் மூத்த ஆசிரியர் அவர்கள், தமது பொருள்களை எடுத்து வைத்துவிட்டு உடனே என் அறைக்கு வரவும். ம்ஹும்... நன்றி, வணக்கம்.”

வெளியே வந்தால், அவன் வகுப்பில் பெஞ்சுகள் அதிர்ந்துகொண்டிருந்தன. விசில் வேறு. மைனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹெச்.எம். அறை வாசலில், புதுப் பலகைகள் வந்த அட்டைப்பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதன் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான்.

ஆசிட் வந்தார். லேப் கோட்டைக் கழற்றி, மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“டாட்டா சார்!” என்று வகுப்பிலிருந்து ஒரு குரல்.

“கத்தாதீங்கடா. பக்கத்துல பரீட்சை நடக்குது” என்றார், நடையை நிறுத்தாமல்.

மைனா கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

அவர் உள்ளே போனார். கதவு பாதி திறந்தே கிடந்தது.

“வாங்க சார். என்ன விஷயம்?” என்றார் ஹெச்.எம்.

“என்கிட்ட சொல்ல நீங்க சங்கடப்பட வேணாம் சார். நானே போயிடறேன். சின்ன சாரை மட்டும் விட்டுடுங்க.”

“என்ன சார் சொல்றீங்க?”

“அவருக்கு இப்பத்தான் குழந்தை பிறந்திருக்கு. இங்கேருந்து அனுப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா வேற எவனும் சேர்க்க மாட்டான். பாடத்துல கொஞ்சம் வீக்குதான், ஒத்துக்கறேன். சாயங்காலம் நான்தான் உக்கார வெச்சு சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேன். தேறிடுவாரு.”

பொத்திய கை பொத்தியபடியே இருந்தது. ஆனால் மைனாவின் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

“நிர்வாகம் அவரைத்தான் சார் போகச் சொல்லியிருக்கு! நீங்க இருக்கணும்னு அவங்களே சொல்லிட்டாங்க. சாயங்காலம் அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே தவிச்சிட்டு இருக்கேன். உங்க பொண்ணு வேற இன்னும் படிச்சிட்டு இருக்கு...”

“அது பார்த்துக்கலாம் சார்.”

“அவசரப்படாதீங்க. முதல்ல இதைச் சொல்லுங்க. நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே? யாரு கூப்பிட்டது?”

மைனா பின்னால் நகர்ந்தான். அவன் தோள் பட்டு, மேலே இருந்த காலிப் பெட்டி உருண்டு வாசலில் போய் விழுந்தது.

“என்ன சத்தம் அங்க?”

“நான் பார்க்கறேன் சார்” என்று வெளியே வந்தார் ஆசிட்.

பெட்டி விழுந்த சந்தில் மைனாவின் முகம் அப்படியே தெரிந்தது. காது மடல் வரை சிவந்திருந்தான். ‘நான்தான் சார்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

அவர் அவனைப் பார்த்தார். மடித்த கோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கீழே கிடந்த பெட்டியைத் தூக்கி, அவன் முகம் மறைகிற மாதிரி பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னார்:

“யாரும் கூப்பிடலை சார். நானாத்தான் வந்தேன்.”