சிவப்பு விளக்கு அறை

பாவாத்தாளுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. திருப்பூரில் அவள் நடத்தும் தொழிலாளர் விடுதியில் ஓர் அறை மட்டும் அவளைப் படுத்தியெடுத்தது. தங்கியிருப்பவர்கள் நன்றாகத் தூங்கினால்தான் விடுதிக்கு உரிமம். விடிந்ததும் கதவின் மேல் விளக்கு எரிந்து சொல்லிவிடும்: தூங்கினார்கள் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

ஒடிசாப் பையன்கள் நால்வர் இருந்த அறையில் தினமும் சிவப்பு. மெத்தையை மாற்றினாள், மின்விசிறியை மாற்றினாள். ஒன்றும் எடுபடவில்லை.

“ஏஞ்சாமி, என்னதான் குறை?”

நால்வரில் ஒருவனான திபாகர் தயங்கினான். “கட்டில் தனித்தனியா இருக்குக்கா. ஊர்ல எல்லாரும் ஒரே பாய். பக்கத்துல இருக்கறவன் கால் நம்ம மேல விழுந்தாத்தான் தூக்கம் வரும்.”

அன்றைக்கே கட்டில்களை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, அறை முழுக்கப் பாய் விரித்தாள்.

மறுநாள் காலையில் சோதனைக்கு வந்த அதிகாரி அறைக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினார். “ஏனுங்கம்மா, ஆளுக்கொரு கட்டில்னு சட்டம் இருக்குதுல்ல? உரிமத்த ரத்து பண்ணட்டுங்களா?”

பாவாத்தாள் தலைக்கு மேல் எரிந்த பச்சை விளக்கைக் காட்டினாள்.

“மெதுவாப் பேசுங்க. பசங்க தூங்கறாங்க.”

அதிகாரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தார்.