தலைசுற்றலுக்கு ஏங்கிய சக்கரம்

மலைப் பேருந்தின் அடிவயிற்றில் புதிதாகப் பொருத்தப்பட்ட சுழல்சக்கரத்துக்கு ஒரே குஷி. இறக்கங்களில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம், இதுவரை வெறும் சூடாகி வீணாய்ப்போன வேகத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டு அது கிறுகிறுவென்று சுற்றியது.

"மெதுவாடா, தலை சுத்தப்போகுது!" என்றது பிரேக்.

"அதுக்குத்தானே அண்ணே வந்தேன்!"

அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுத் திணறியது. பேருந்து பின்னால் உருளத் தொடங்கியதும் பயணிகள் அலறினார்கள். சுழல்சக்கரம் பதறிப்போய், சேர்த்து வைத்திருந்த சுழற்சி மொத்தத்தையும் பின்சக்கரங்களுக்குக் கொடுத்தது. பேருந்து துள்ளிக்கொண்டு உச்சிக்கு ஏறியது. சுழல்சக்கரம் ஓய்ந்து நின்றது.

"பார்த்தீங்களா என் பலத்தை!" என்று உறுமியது எஞ்சின்.

பிரேக்குக்குக் கோபம் பொங்கியது; சுழல்சக்கரத்தின் பக்கம் திரும்பியது. "ஏண்டா, நான்தான் தூக்கிவிட்டேன்னு சொல்லேன்!"

"அதை விடுங்கண்ணே," என்றது சுழல்சக்கரம். "முன்னால பாருங்க, எவ்வளவு பெரிய இறக்கம்! சீக்கிரம் பிடிங்க!"