கார் ஷெட்டுக்கு உமி அடுப்பு

"ஏண்ணே, காருக்குக் குளிருதாமா? கம்பளி போத்தி, சுக்குக் கசாயமும் வெச்சிக் குடுத்துடலாமா?"

டிரைவர் சின்னதுரையின் கேலியை மாசிலாமணி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டின் பின்சுவரில் உளியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தது. வருஷத்தில் பத்து மாசம் அடுப்பில்லாமலே வேகிற திண்டிவனத்தில், காருக்குச் சூடு ஏற்றப்போகிறானாம் என்று தெருவே சிரித்தது.

"அந்தக் கொழாய இப்பிடிப் புடி தம்பி."

விழுப்புரத்தில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கிவந்த தகரக் குழாய்கள் அவை. அடுப்புக்கு ஒரு காலித் தார் பீப்பாய்.

"பெட்ரோல் கீற எடத்துல நெருப்ப வெச்சி எல்லாரையும் கொளுத்தப் போறியா?"

"அடுப்பு செவுத்துக்கு அந்தாண்டதான் இருக்கும். உமிய நல்லா இடிச்சி ரொப்பிட்டா, சாயங்காலம் வெச்ச நெருப்பு விடிய விடியக் கனிஞ்சிக்கினே கெடக்கும். பொகை மட்டும் கொழாய் வழியா உள்ள வந்து, வண்டிய ஒரு சுத்து சுத்திக்கினு கூரைக்கு மேல போயிடும். அந்தச் சூட்டுல பொட்டு ஈரம் நிக்காது."

நெல் மில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன் மாசிலாமணி. நெருப்பு அவன் சொன்னபடி கேட்கும்.

சின்னதுரை குழாயைப் பிடித்துக்கொண்டான். முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"இதெல்லாம் எதுக்குண்ணே? வண்டி கெளம்புறதும் கெளம்பாததும் நம்ம கையிலயா இருக்குது? உட்டுட்டு உன் பொழப்பப் பாரு."

"எப்பிடி உடறது? என் கிளி எதால போனா? நீயே சொல்லு."

சின்னதுரை குழாயை ஓட்டைக்குள் சொருகுவதில் மும்முரமானான்.

போன ஐப்பசியில், இதேபோல் ஒரு மழைச் சாயங்காலம், பெருமுக்கலிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு இந்த வாசலில்தான் வந்து நின்றான் மாசிலாமணி. மனைவி கிளியம்மாளுக்குத் தலைப்பிரசவம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அவசரத்துக்குக் கார் என்று இருந்தது டாக்டருடையது ஒன்றுதான். "வண்டி ஈரம் புடிச்சிக்கிச்சுங்க. ஸ்டார்ட் ஆவல" என்று சின்னதுரைதான் கேட்டுக்கு வந்து சொன்னான். மாசிலாமணி திரும்பிப்போய் மாட்டுவண்டி கட்டி அவளை ஏற்றிக்கொண்டு வருவதற்குள், பாதி வழியிலேயே கிளியம்மாள் அடங்கிப்போனாள். குழந்தையும் தங்கவில்லை.

மாசிலாமணிக்கு யார்மேலும் கோபமில்லை. டாக்டர்மேல் இல்லை, டிரைவர்மேலும் இல்லை. அந்த ஈரத்தின்மேல்தான் தீராத ஆத்திரம். இரும்புக்குள் புகுந்துகொண்டு தன் பெண்டாட்டியைக் கொன்ற பாவி அதுதான் என்று ஒரு வருஷமாக மறுகிக்கொண்டிருந்தான். இனி ஒரு பெண்ணை அதற்குப் பலி கொடுக்கக் கூடாது. அந்த வைராக்கியத்தோடுதான் டாக்டர் எதிரில் போய் நின்று, ஷெட்டில் அடுப்புப் போட உத்தரவு கேட்டான்.

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "வேணும்னா செஞ்சிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குழாய் பொருத்திய அன்றைக்கே அடுப்பு பற்றிக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் மாசிலாமணி வந்து பார்த்தபோது ஷெட்டுத் தரை காய்ந்து வெளுத்திருந்தது. மூலையில் பூத்திருந்த பூஞ்சைகூட உதிர்ந்துபோயிருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே புழுங்கியது.

"எங்க, ஹேண்டிலக் குடு."

காரின் முன்பக்கம் சொருகி ஒரே சுற்று. கார் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது.

"பாத்தியா தம்பி! ஒரே சுத்து!" மாசிலாமணி சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. "போன வருசமே எனக்கு இந்தப் புத்தி வந்திருந்தா என் கிளி இருந்திருப்பா. புள்ளைக்கு இந்நேரம் பல்லு மொளச்சிருக்கும்."

சின்னதுரை என்ஜினை நிறுத்தினான். "ஊட்டுக்குப் போண்ணே. இருட்டறதுக்குள்ள போயிடு" என்றான். கெஞ்சுவதுபோல் இருந்தது.

"இரு, அடுப்புக்கு உமி ரொப்பிட்டுப் போறேன்."

உமிச் சாக்கை அவன் அவிழ்ப்பதற்குள் வாசலில் கேட்டுச் சங்கிலி தடதடவென்று ஆடியது. கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் மழையில் நின்றிருந்தார்.

"ஐயா, வானூர்ப் பக்கம்ங்க! எம் பொண்ணு காலையிலேர்ந்து இடுப்பு வலியில துடிக்கிறாங்க. டாக்டர் ஐயா கொஞ்சம் வரணும்ங்க!"

மாசிலாமணி உமிச் சாக்கை அப்படியே போட்டான்.

"ஓடு தம்பி, ஐயாகிட்ட சொல்லு! ஜல்தி!"

சின்னதுரை தயங்கித் தயங்கி உள்ளே போனான். மாசிலாமணி ஷெட்டுக் கதவை அகலத் திறந்துவைத்தான். முன்கண்ணாடியைத் தன் துண்டாலேயே துடைத்தான். ஹேண்டிலைச் சொருகித் தயாராக வைத்துவிட்டு, பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கதகதவென்று இருந்தது. இன்றைக்கு ஒரு பெண் பிழைத்துக்கொள்வாள். கிளி, பாத்துக்கினு இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

சின்னதுரை வீட்டுக்குள்ளிருந்து வந்தான். ஷெட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நேரே கேட்டுக்குப் போனான்.

"வண்டி ஈரம் புடிச்சிக்கிச்சுங்க" என்றான். "ஸ்டார்ட் ஆவல."