பாவுக்கு அடியில் ஒரு வண்டி

மேலப்பாளையத்து நெசவுத் தெருக்களின் பழமையை நடந்தே அறிய நண்பர் சத்தியநேசனோடு வந்த நான், ஒரு சந்தியில் வழியற்று நிற்கிறேன். தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிய பாவு, தறியில் ஏற்றப்போகும் நெடுக்கு நூல்வரிசை, குறுக்கே கிடக்கிறது. மலையடிவாரத்து ஆலையிலிருந்து வந்த நூல். கஞ்சி ஈரம் உலராத இழைகளில் காலை வெயில் ஆற்றுநீரில்போல நெளிகிறது. அப்போது சந்திலிருந்து ஒரு கூண்டு வண்டி வந்து நிற்கிறது. திரைக்குப் பின்னே பிரசவ வலியில் ஒரு பெண் முனகுகிறாள். “ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணாச்சி. சுத்திப் போனா பிள்ள தாங்காது” என்று வண்டிக்கார அப்பாத்துரை கெஞ்சுகிறார். பாவுக்கு உரிய அசன் மைதீன் மாடுகளின் நீண்ட கொம்புகளைப் பார்க்கிறார். பாவு அறுந்தால் இம்மாதம் அவர் வீட்டில் தறி ஓடாது. “மாட்ட அவுத்து விடும் வே. கொம்பு மாட்டுனா எல்லாம் போச்சு.” “அப்பம் வண்டிய யாரு இழுக்க?” “உம்ம மாட்டுக்கு நாங்க மட்டமா வே?”

தெருவின் இரு கோடிகளிலும் கட்டுத் தளர்கிறது. வீடுகளிலிருந்து ஓடிவந்தவர்கள் மூங்கிற்கழிகளால் பாவை உயர்த்துகிறார்கள். அது பந்தல்போல வளைந்தெழ, கஞ்சித் துளிகள் கூண்டின்மேல் சொட்டுகின்றன. நெசவாளர்கள் நுகத்தடியில் தோள் கொடுக்க, வண்டி அடியில் நுழைகிறது. சத்தியநேசன் எப்போது தன் குடையை என் கையில் திணித்துவிட்டு அவர்களோடு சேர்ந்தார் என்று தெரியவில்லை. “பைய, பைய” என்ற குரல்கள், மறுபுறம் வந்ததும் “ஓடுங்கலே!” என்று மாறுகின்றன. பாவு மெல்ல இறங்குகிறது. ஓர் இழையும் அறுபடவில்லை. வண்டி கண்ணுக்கு மறைந்த பின்னும், இரு மாடுகளும் இந்தப் பக்கமே நின்று, அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.